கூட்டத்தில் ஒளித்துப் பதிந்த ராக் கச்சேரி: கேசட்டில் என்ன கோளாறு, எங்கே கை வைப்பது

1977 ஜூன் 21, லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கம், மேடையில் லெட் செப்பெலின் ராக் குழு. மைக் மில்லார்ட் என்ற ரசிகர் (பெயரே மைக்!) சக்கர நாற்காலியில் உட்கார்ந்து உள்ளே போகிறார். அவருக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது. நகாமிச்சி 550 கேசட் ரெக்கார்டரை வாசல் சோதனையில் மாட்டாமல் கொண்டுபோக அவர் கண்டுபிடித்த வழி அது. கூடவே ஏ.கே.ஜி. கம்பெனி மைக்குகள். அன்று அவர் பதிந்தது, கூட்டத்துக்குள்ளிருந்து பதிவான ஹார்ட் ராக் டேப்புகளில் முதல் வரிசையில் வைத்து இன்றைக்கும் பேசப்படுகிறது.

என் கைக்கு வந்தது அதன் பிரதிக்குப் பிரதி எடுத்ததன் பிரதி. முதல் தடவை போட்டபோது பாடகர் ராபர்ட் பிளான்ட் பள்ளிக்கூடப் பையன் குரலில் கத்தினார். ஜான் பான்ஹமின் டிரம்ஸ் ஈர மூட்டையைக் கம்பால் அடிப்பதுபோல் கேட்டது. கணினியில் ஏற்றி, கையில் கிடைத்த ஃபில்டரை எல்லாம் போட்டு மூன்று வாரக் கடைசிகளை வீணாக்கினேன். கோளாறில் பாதி என் டெக்கில், அதாவது கேசட்டை ஓட்டும் கருவியில், இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

அதனால் எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதலில் ஒரே கேள்வி: இது எங்கே நுழைந்தது? அரங்கத்திலா, அன்று பதிந்த கருவியிலா, பிரதி எடுத்தபோதா, உங்கள் டெக்கிலா, உங்கள் கணினியிலா? கடைசி இரண்டில் என்றால் எந்த மென்பொருளும் வேண்டாம். திரும்ப ஏற்றினால் தீர்ந்தது. நடுவில் உள்ள இரண்டுக்கும் பாதி வைத்தியம் உண்டு. அரங்கத்தில் நுழைந்தது பெரும்பாலும் கோளாறே இல்லை.

ஏற்றும்போது 24 பிட்டில் ஏற்றுங்கள். உச்ச அளவு பூஜ்யத்துக்கு ஆறு டெசிபல் கீழேயே நிற்கட்டும். அந்த மூலக் கோப்பைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

“போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கிறது”

ஈக்வலைசரில் டிரெபிளை (மேல்ஸ்தாயியை)த் தூக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். தூக்காதீர்கள். முதலில் ஹெட்டை, அதாவது நாடாவைத் தொட்டு ஒலியை வாசிக்கும் பகுதியை, பாருங்கள்.

கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை அந்த நாடாவில் பிடிக்கும் இடம் 4.76 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பதிந்த ஹெட் நின்ற கோணத்துக்கும் வாசிக்கிற ஹெட் நிற்கிற கோணத்துக்கும் இம்மி வித்தியாசம் இருந்தாலும் போதும், சிம்பல், ஹை-ஹாட் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டுகள்), கைதட்டலின் கூர்மை எல்லாம் போய்விடும். இந்தக் கோணத்துக்குப் பெயர் அசிமத். பிரதி எடுத்த ஒவ்வொரு டெக்கும் தன் கோணத்தில் பதிந்திருக்கும். உங்கள் கையில் உள்ள நாடா கடைசி டெக்கின் கோணத்தில் நிற்கிறது. உங்கள் டெக்குக்கு அது தெரியாது.

செய்ய வேண்டியது இது. ஹெட்டையும் கேப்ஸ்டனையும் (நாடாவை இழுக்கும் உலோகத் தண்டு) ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பல பேருக்கு இதோடே பாதி போர்வை விலகிவிடும். பிறகு டெக்கின் மூடியைக் கழற்றினால் ஹெட்டின் இரண்டு பக்கமும் சின்ன ஸ்க்ரூக்கள் தெரியும். ஒன்றின்மேல் பெயின்ட் பொட்டும் அடியில் ஸ்பிரிங்கும் இருக்கும். அதுதான் நமக்கு வேண்டியது. இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்று மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். காந்தம் ஏறாத ஸ்க்ரூடிரைவராக இருக்க வேண்டும்.

பாட்டை ஓடவிட்டு, ஒலியை மோனோவாக மாற்றுங்கள். இடது தடமும் வலது தடமும் ஒரு மயிரிழை முன்பின்னாக வந்தால் மோனோவில் சேரும்போது மேல்ஸ்தாயி ஒலிகள் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு மறையும். ஸ்டீரியோவில் இந்த வித்தியாசத்தைக் காது எளிதில் பிடிக்காது. இப்போது ஸ்க்ரூவை எட்டில் ஒரு பங்கு சுற்று திருப்புங்கள். இருள் கூடினால் எதிர்ப்பக்கம். என் டேப்பில் நடந்ததைச் சொல்கிறேன்: மணிக்கட்டு அசைந்ததே எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு சின்னத் திருப்பல். ஈர மூட்டைக்குள்ளிருந்து ஹை-ஹாட் ‘ட்ஸ்’ என்று வெளியே வந்தது. அதுவரை அந்தப் பாட்டில் ஹை-ஹாட் இருக்கிறதே எனக்குத் தெரியாது.

கேசட்டின் ஏ பக்கத்துக்குச் சரியாக இருப்பது பி பக்கத்துக்கு இருக்காது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகத் திருப்ப வேண்டும். வேலை முடிந்ததும் மார்க்கர் கோட்டுக்கே திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். இல்லையென்றால் நாளைக்கு வேறு கேசட் போடும்போது டெக்கைத் திட்டுவீர்கள்.

அசிமத் சரியான பிறகும் மங்கலாக இருந்தால் டெக்கில் உள்ள டால்பி (நாடா இரைச்சலைக் குறைக்கும் முறை) பட்டனைப் பாருங்கள். டால்பி இல்லாமல் பதிந்த நாடாவை டால்பி போட்டு ஓட்டினால் மேல்ஸ்தாயி அமுங்கும். டால்பியோடு பதிந்ததை அது இல்லாமல் ஓட்டினால் கூர்மையும் இரைச்சலும் தூக்கலாக இருக்கும். கேசட் அட்டையில் டால்பி கட்டத்தில் டிக் அடித்திருப்பதை நம்பாதீர்கள். பிரதி எடுத்தவர் பழைய அட்டையைப் பார்த்து அப்படியே எழுதியிருப்பார். காதுதான் சாட்சி: டால்பி போட்டதும் சிம்பல் அடிக்கு அடி இரைச்சல் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கினால், அந்த நாடாவுக்கு அது பொருந்தவில்லை. அசிமத்துக்கு முன் டால்பியைத் தீர்மானிக்க முயன்றால் இரண்டும் குழம்பும், வரிசை முக்கியம்.

“பாடகர் குரல் கீச்சென்று இருக்கிறது” அல்லது “பேய் மாதிரி இழுக்கிறது”

சுருதி ஏறியோ இறங்கியோ இருக்கிறது. ரசிகர் பதிவுகளில் இது இல்லாத டேப் அபூர்வம். ஆர்மோனியமோ கீபோர்டு ஆப்போ இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுலபமான வழி, பாட்டு எந்தக் கட்டையில் என்று தெரிந்துகொண்டு ஒப்பிடுவது. டீப் பர்ப்பிள் குழுவின் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ ஐந்து கட்டையில் ஆரம்பிக்கும். உங்கள் டேப்பில் ஐந்தரையில் நின்றால் வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடுதல். அரைச்சுரம் ஒன்றுக்கு 5.9 சதவீதம் என்பது கணக்கு.

இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. நான் இரண்டிலும் விழுந்தவன்.

ஒன்று, ஆல்பத்தோடு ஒப்பிடுவது. லெட் செப்பெலினின் ‘நோ குவார்ட்டர்’ ஆல்பத்தில் ஒன்றரைக் கட்டையில் ஒலிக்கும். ஸ்டுடியோவில் டேப்பின் வேகத்தைக் குறைத்து அரைச்சுரம் இறக்கி வைத்தார்கள். மேடையில் வாசித்தது இரண்டு கட்டையில். ஆல்பத்தை ஒரு காதிலும் கேசட்டை மறு காதிலும் வைத்து நான் ‘சரிசெய்த’ பதிப்பில் மொத்தக் கச்சேரியும் அரைச்சுரம் இறங்கி, எல்லோரும் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு வாசிப்பதுபோல் ஆகிவிட்டது.

இரண்டாவது, இசைக்குழுவே சுருதியை இறக்கி வாசித்திருப்பது. கிஸ் குழு 1970களில் கிடாரை அரைச்சுரம் இறக்கியே வாசித்தது. மூன்று கட்டைக்கு விரல் வைத்தாலும் இரண்டரைதான் கேட்கும். பிளாக் சபாத் 1971இல் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்தின் சில பாடல்களுக்கு மூன்று அரைச்சுரம் இறக்கி, ஒன்றரைக் கட்டைக்கே போய்விட்டது. இது தெரியாமல் ‘கீழே கிடக்கிறதே’ என்று தூக்கிவிட்டால் பாடகர் கார்ட்டூன் வாத்து ஆகிவிடுவார்.

ஆகவே கிடாரை நம்பாமல், மேடையில் சுருதி மாறாத ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். 1977 கச்சேரிகளில் ‘நோ குவார்ட்டர்’ நடுவே குழுவின் கீபோர்டு கலைஞர் ஜான் பால் ஜோன்ஸ் நெடுநேரம் பியானோ வாசிப்பார். பியானோவை யாரும் மேடையில் அரைச்சுரம் இறக்க மாட்டார்கள். டீப் பர்ப்பிள் என்றால் இன்னும் வசதி: அவர்களுடைய கீபோர்டு கலைஞர் ஜான் லார்டின் ஹேமண்ட் ஆர்கன். அதற்குள் சுழலும் சக்கரங்களை ஓட்டும் மோட்டார் மின்சாரத்தின் அலைவெண்ணுக்குக் கட்டுப்பட்டது. சுருதிப் பெட்டியை மின்சாரக் கம்பெனி கையில் கொடுத்த மாதிரி. மின்சாரம் சீராக இருக்கும்வரை அந்த ஆர்கன் சுருதி தவறாது.

மின்சாரம் என்றதும் எனக்குப் பிடித்த வழி வருகிறது. பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன், கிடார் ஆம்ப் ‘ம்ம்ம்’ என்று முனகும் சில நொடிகள் இருக்குமே, அந்தத் துண்டை மட்டும் தேர்ந்தெடுத்து ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அலைமாலை வரைபடம் (எந்த அலைவெண் எவ்வளவு பலம் என்று காட்டும் படம்) போட்டுப் பாருங்கள். அளவை 65536 அல்லது அதற்குமேல் வையுங்கள். சின்ன அளவில் கோடுகள் பிரிந்து தெரியாது. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். ஆக அந்த முனகல் 60, 120, 180, 240 என்று படிக்கட்டாக நிற்க வேண்டும். என் டேப்பில் நான்காவது படி 240இல் இல்லை, 247.2இல் நின்றது. வகுத்தால் 1.03. டேப் 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. திருத்த வேண்டிய பெருக்கல் எண் 1 வகுத்தல் 1.03, அதாவது 0.971. அவசரத்தில் ‘மைனஸ் 3’ என்று போட்டால் 0.97 ஆகும், சின்ன வித்தியாசம்தான், மூன்று மணி நேரக் கச்சேரியில் கிட்டத்தட்டப் பத்து நொடி தள்ளிப்போகும்.

அதே வரைபடத்தில் 50, 100, 150 என்ற இடங்களிலும் மெல்லிய கோடுகள் இருந்தன. ஒரு மாலை முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகு லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினேன், மறைந்தன. நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ். நீங்கள் ஏற்றிய மூலக் கோப்பில் சுத்தமாக 50இல் நிற்கும் கோடு உங்கள் வீட்டு ஒயரிங் போட்டது. அதை வைத்து வேகம் கணக்கிட்டால் விளங்காது. பிரதி எடுத்த இடத்தின் முனகலும் ஒட்டியிருக்கும். அதைப் பிரித்தறிய, கச்சேரி தொடங்கும் முன் நாடாவில் உள்ள வெற்றுப் பகுதியைப் பாருங்கள். அரங்கமே கேட்காத அந்த இடத்திலும் முனகல் இருந்தால் அது பிரதியில் ஏறியது.

டேப்பின் ஜாதகத்தையும் இது காட்டிக்கொடுக்கும். டீப் பர்ப்பிள் 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும் 17ஆம் தேதி டோக்கியோவிலும் வாசித்தது. ஜப்பானில் மேற்கே ஒசாகா 60 ஹெர்ட்ஸ், கிழக்கே டோக்கியோ 50. அட்டையில் ‘ஒசாகா’ என்று எழுதிய டேப்பில் ஆம்ப் முனகல் 50க்குப் பக்கத்தில் நின்றால், அட்டை எழுதியவரைச் சந்தேகப்படலாம். சாதாரண வேகக் கோளாறு 60ஐ 50 ஆக்காது.

திருத்தும்போது வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கட்டளையையே பயன்படுத்துங்கள். சுருதியை மட்டும் மாற்றும் கட்டளை தாளத்தைப் பழைய வேகத்திலேயே விட்டுவிடும். டிரம்ஸ் ஒலியும் கெடும்.

டாட் என்ற டிஜிட்டல் நாடாவிலிருந்து வந்த 1990களின் பதிவு 8 சதவீதம் மெதுவாக இருந்தால் இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. நொடிக்கு 48,000 மாதிரிகளாகப் பதிந்ததை 44,100 என்று யாரோ படித்திருக்கிறார்கள். கோப்பின் எண்ணைத் திருத்தினால் போதும்.

“ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது, போகப்போக ஏறுகிறது”

பேட்டரி. அரங்கில் இருந்த ரெக்கார்டரின் பேட்டரி சாகத் தொடங்கினால் நாடா மெதுவாக ஓடும். மெதுவாக ஓடிய நாடாவில் பதிந்ததை நாம் சரியான வேகத்தில் ஓட்டும்போது வேகமாகக் கேட்கும். எனவே பேட்டரி இறங்க இறங்கச் சுருதி ஏறும். ஏறி ஏறி வந்து ஓரிடத்தில் சட்டென்று இறங்கினால், ரசிகர் இருட்டில் பேட்டரி மாற்றியிருக்கிறார்.

இதை ஒரே எண்ணால் திருத்த முடியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை முனகலையோ தெரிந்த சுரத்தையோ அளந்து குறித்துக்கொண்டு, படிப்படியாக மாறும் வேகத்தைப் போடுங்கள். பொறுமை இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். அரைகுறையாகத் திருத்தினால் முன்பைவிடக் காதை உறுத்தும்.

நொடிக்கு நொடி ‘வாவ்வாவ்’ என்று ஆடினால் அது வேறு. பெரும்பாலும் உங்கள் டெக்கின் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது பிஞ்ச் ரோலர் (நாடாவை கேப்ஸ்டனோடு அழுத்தும் உருளை) ரப்பர் கண்ணாடிபோல் இறுகியிருக்கும். வேறு நல்ல கேசட் போட்டுப் பாருங்கள். அதுவும் ஆடினால் டெக், இல்லாவிட்டால் கேசட். கேசட் என்றால் முன்பக்கத்துச் சின்னப் பஞ்சுப் பட்டை உதிர்ந்திருக்கிறதா பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அதன் பசை முதலில் விடும். நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றுவதுதான் வழி: ஐந்து ஸ்க்ரூ வைத்த கூடு என்றால் பத்து நிமிட வேலை, ஒட்டிய கூடு என்றால் பிளேடால் மெல்லப் பிளக்க வேண்டும். நாடாவின்மேல் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடவே போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தாவும்.

“டிரம் அடித்தால் எல்லாமே கரகர”

அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தலை வெட்டிய மேடைபோல் தட்டையாக, அதுவும் பூஜ்ய டெசிபலில் தட்டையாக இருந்தால் தப்பு உங்களுடையது. அளவைக் குறைத்துத் திரும்ப ஏற்றுங்கள். பூஜ்யத்துக்குக் கீழேயே, எங்கோ நடுவில் தட்டையாக இருந்தால் அன்றைக்கு மைக்கோ அதன் ஆம்ப்போ தாங்கவில்லை. உச்சியைத் தோராயமாக வரைந்து தரும் ‘டீ-கிளிப்’ கருவிகள் கொஞ்சம் ஆற்றும், முழுக்க ஆற்றாது.

கரகரப்பு இல்லாமல், டிரம் விழும் ஒவ்வொரு தடவையும் பாட்டு அமுங்கி, பிறகு கூட்டத்தின் சத்தம் பொங்கி வந்தால் அது தானியங்கி அளவுக் கட்டுப்பாடு. மலிவான ரெக்கார்டர்கள் சத்தம் கூடினால் தாமாகவே குறைக்கும். இதை மீட்க முயன்று நான் தோற்றிருக்கிறேன். பாட்டுக்கு நடுவே பொங்கும் கைதட்டலைக் கையால் இரண்டு மூன்று டெசிபல் இறக்கிவைத்தால் கேட்க இதமாக இருக்கும். அவ்வளவுதான்.

“ஹெட்போனில் பாஸ் தலைக்குப் பின்னால் கேட்கிறது, ஸ்பீக்கரில் காணாமல் போகிறது”

ஒரு சேனலின் துருவம் தலைகீழ். பிரதி எடுத்த கேபிளில் ஒயர் மாறியிருக்கும். ஒரு சேனலை மட்டும் ‘இன்வெர்ட்’ செய்யுங்கள். பாஸ் கிடார் உடனே நடுவில் வந்து உட்காரும். இந்தக் கட்டுரையிலேயே மிகச் சுலபமான வைத்தியம் இதுதான்.

ஒரு பக்கம் மட்டும் மங்கலாக, அதுவும் அவ்வப்போது மாறி மாறி மங்கினால், மைக்கைச் சட்டைக்குள்ளோ தொப்பியிலோ ஒளித்திருக்கிறார், துணி மூடியிருக்கிறது. மங்கிய பகுதிக்கு மட்டும் அந்தச் சேனலில் கொஞ்சம் டிரெபிள் கொடுங்கள்.

“பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு தலைகீழாக ஓடுகிறது”

பயப்பட வேண்டாம், சாத்தான் பாட்டு இல்லை. நாடாவின் மறுபக்கத் தடத்தை உங்கள் ஹெட் எட்டிப் பிடிக்கிறது. ஹெட்டின் உயரம் தவறியிருக்கிறது. வேறு டெக்கில் போட்டுப் பாருங்கள். பாட்டு தொடங்கும் முன் அதே பாட்டு மெல்ல எட்டிப் பார்த்தால் அது வேறு: சுற்றி வைத்த நாடாவில் ஓர் அடுக்கின் காந்தம் அடுத்த அடுக்கில் ஒட்டியிருக்கிறது. சி-120 போன்ற மெல்லிய நாடாக்களில் அதிகம். ஏற்றும் முன் இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் முழுக்கச் சுற்றினால் ஓரளவு குறையும்.

“ஸ்ஸ்ஸ் இரைச்சல் தாங்கவில்லை”

தாங்கிக்கொள்ளுங்கள். கிண்டல் இல்லை. இரைச்சல் நீக்கியை முழுக்கப் போட்டால் சிம்பலும் கைதட்டலும் தண்ணீருக்குள் நடப்பதுபோல் குமிழியிடும். சிம்பலும் டேப் இரைச்சலும் ஏறக்குறைய ஒரே ரகம். கருவிக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது. நான் நான்கு அல்லது ஐந்து டெசிபலுக்குமேல் குறைப்பதில்லை. அரங்கின் எதிரொலியால் கீழே மண்டிக் கிடக்கும் 100 முதல் 250 ஹெர்ட்ஸ் பகுதியை மூன்று டெசிபல் இறக்கினால் பலனே அதிகம். குரல் முன்னால் வருவதால் இரைச்சலைக் காது மறந்துவிடும்.

“பக்கத்தில் ஒருத்தன் விசிலடித்துக்கொண்டே இருக்கிறான்”

என் டேப்பிலும் ஒருவர் இருக்கிறார். மைக்குக்கு இரண்டு இருக்கை தள்ளி என்று வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு கிடார் தனியாவர்த்தனத்துக்கும் சரியாக இரண்டு விசில், மூன்றாவது பாதியில் நின்றுபோகும். முதலில் அவரை ஒவ்வொரு விசிலாக வெட்டி எடுத்தேன். வெட்டிய இடமெல்லாம் அரங்கமே ஒரு கணம் கண்ணை மூடித் திறப்பதுபோல் ஓட்டை. திரும்ப ஒட்டிவிட்டேன். காதைக் கிழிக்கும் உச்சங்களை மட்டும் கையால் ஆறு டெசிபல் இறக்குங்கள்; கைதட்டலுக்கும் இதே வைத்தியம். ஸ்டுடியோ மாதிரி வேண்டுமென்றால் ஸ்டுடியோ ஆல்பம் கடையில் இருக்கிறது.

“பாட்டின் நடுவே வெட்டு”

சி-90 கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம். மூன்று மணி நேரத்தைத் தாண்டும் கச்சேரிக்குக் குறைந்தது நான்கு தடவை புரட்டவோ கேசட் மாற்றவோ வேண்டும். இருட்டில், காவலர் பார்க்காமல். நாடா தீரும் நேரத்தைப் பாட்டு முடிவோடு பொருத்துவது அதிர்ஷ்டம்தான்.

அதே கச்சேரியை வேறொருவர் பதிந்த டேப் இருந்தால் ஒட்டுப் போடலாம். இரண்டு டேப்பையும் தனித்தனியாகச் சரியான வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் ஒட்டிய இடத்தில் பாடகர் படியில் தடுக்கி விழுவார். ஒட்டும் இடம் டிரம் அடியாக இருந்தால் காது கண்டுபிடிக்காது. இரண்டு பதிவுகளையும் மேலே மேலே வைத்துக் கலக்கிவிடலாமே என்று தோன்றும். கலக்காதீர்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. முதல் ரசிகரைவிட இரண்டாமவர் 34 மீட்டர் பின்னால் உட்கார்ந்திருந்தால் பத்தில் ஒரு நொடி தாமதம். ஒவ்வொரு டிரம் அடியும் இரட்டையாகும். தாமதத்தைத் தள்ளிப் பொருத்தினாலும் இரண்டு டேப்பின் ஆட்டமும் வேறு வேறு என்பதால் குழாய்க்குள் கேட்பதுபோல் ஆகிவிடும்.

“இணையத்தில் வாங்கிய கோப்பு, ஃபிளாக் என்கிறார்கள், ஏதோ உயிரில்லை”

ஃபிளாக் என்பது ஒலியைத் தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு. அலைமாலைப் படத்தைத் திறந்து மேலே பாருங்கள். 16,000 ஹெர்ட்ஸில் கத்தியால் அறுத்த மாதிரி நேர்கோட்டில் எல்லாம் நின்றால், யாரோ எம்பி3ஐத் திரும்ப ஃபிளாக் ஆக்கியிருக்கிறார்கள். போனது வராது, வேறு பிரதி தேடுங்கள். கேசட்டிலும் மேல்ஸ்தாயி குறைவுதான், ஆனால் மாலை வெளிச்சம்போல் மெல்லத் தேயும், அறுபடாது. 19,000 ஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய கோடு ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஓடினால், அது எஃப்.எம். ஸ்டீரியோவின் வழிகாட்டி ஒலி. ‘ரசிகர் பதிவு’ என்று சொன்னாலும் வானொலியிலிருந்து எடுத்தது. 15,734இல் கோடு என்றால் அமெரிக்க முறை பழைய டிவி பக்கத்தில் இருந்திருக்கிறது, 15,625 என்றால் ஐரோப்பிய முறை. இந்தக் கோடுகளைச் சுருதி திருத்தும் முன் பார்க்க வேண்டும். திருத்திய பின் இவையும் இடம் மாறிவிடும்.

“பாட்டுக்குப் பாட்டு நடுவே ‘டிக்’”

சி.டி. ஒரு நொடியை 75 துண்டுகளாக வெட்டுகிறது. ஒரு துண்டுக்கு 588 மாதிரிகள். நீங்கள் பாட்டைப் பிரித்த இடம் 588இன் மடங்காக இல்லாவிட்டால், எரிக்கும்போது மிச்சத்தை மௌனத்தால் நிரப்பும். ஓயாத கைதட்டலுக்கு நடுவே அந்த மௌனம்தான் ‘டிக்’. ஷன்டூல் நிரலின் ‘ஃபிக்ஸ்’ கட்டளை எல்லாக் கோப்புகளின் ஓரத்தையும் ஒரே தடவையில் நகர்த்திச் சரியாக்கும். இரண்டு நொடி முழு இடைவெளி வந்தால் அது வேறு: டிஸ்கை ட்ராக் ட்ராக்காக எரித்திருக்கிறீர்கள். ‘டிஸ்க் அட் ஒன்ஸ்’ முறையில் எரியுங்கள்.

கோப்புகளோடு ஒரு சின்ன உரைக் குறிப்பும் வையுங்கள்: எந்த நாடா, எத்தனையாவது பிரதி, டால்பி இருந்ததா, வேகத்தை எவ்வளவு மாற்றினீர்கள், எங்கே ஒட்டுப் போட்டீர்கள் என்று. நாளைக்கு நல்ல பிரதி கையில் கிடைத்தவருக்கு அது உதவும். என் குறிப்பின் கடைசி வரி இப்படி இருக்கிறது: வேகம் 0.971, இரண்டாம் கேசட் பி பக்கம் மட்டும் 0.978, விசிலடித்தவர் அப்படியே.